சித்தப்பாவுக்கு வராத வீக்கம்

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தபோது, எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் உப்பி, முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. அதற்கு எங்கள் ஜனங்கள் கண்ட மருந்து, கழுத்தில் தங்கம் போடுவது. அரிசிக்குக்கூட மாற்றாமல் அடுப்படி மண்ணுக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரே சங்கிலியை அம்மா தோண்டி எடுத்து எனக்குப் போட்டுவிட்டாள். காய்ச்சலாவது ஒன்றாவது! கண்ணாடியை விட்டு நான் நகரவில்லை.

அதைவிட அதிசயம் சித்தப்பா. தன் குவளையை மற்றவர்கள் தொட்டாலே முகம் சுளிப்பவர், என் எச்சில் குவளையில் தண்ணீர் குடித்தார். நான் கடித்து வைத்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றார். கன்னத்தோடு கன்னம் வைத்து, "சித்தப்பாவுக்கும் கொஞ்சம் குடுடி, என் கண்ணுல்ல" என்று கெஞ்சினார். என்மேல் இத்தனை பாசமா என்று பூரித்துப் போனேன்.

விஷயம் வேறு. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சித்தப்பாவின் பெயரையும் எழுதியாகிவிட்டது. ஒட்டுகிற நோய் உள்ளவனை மட்டும் லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

ஆனால் அவருடைய ஒட்டிய கன்னம் ஒட்டியபடியே இருந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "உனக்குத்தான் சின்னதுலயே வந்துருச்சேடா! வந்தவனுக்கு மறுபடி எங்கடா வரும்?"

ஒருமுறை உள்ளே வந்த கிருமியை ரத்தத்தில் சில அணுக்கள் அடையாளம் வைத்துக்கொள்ளும், அது திரும்ப வந்தால் வாசலிலேயே மடக்கிவிடும் என்று பின்னாளில் படித்தேன். என் அணுக்கள் அப்போதுதான் முதல் சண்டையில் இருந்தன. சித்தப்பாவோ, வெட்டுக்கத்தியை வைத்த இடம்கூட மறந்துபோகிறவர். அவர் ரத்தத்துக்கு மட்டும் என்ன ஞாபகசக்தி!

லாரி வந்த காலையில் கண் விழித்தால், என் கழுத்தில் சங்கிலியைக் காணோம். அதைப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் மஞ்சள் பூசி, இரண்டு கன்னத்திலும் அவித்த கிழங்கை அடக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார் சித்தப்பா. வாசலில் ஒரு ஜப்பான்காரனும் மண்டோரும். எங்களை வேலை வாங்கும் அந்த மண்டோர் தமிழர்தான். ஆனால் யாருக்கும் தயவு காட்டாதவர் என்று பெயர்.

எனக்கு வந்ததே கோபம். "அது என் சங்கிலி! சித்தப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல, வாயில கெழங்கு!" என்று அலறினேன். பயத்தில் சித்தப்பா ஒரு பக்கத்தை விழுங்கிவிட்டார். வீக்கம் பாதி வடிந்தது.

அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் நியாயம் கேட்க மண்டோரிடம் ஓடினேன். என் முகத்தைக் கண்ட ஜப்பான்காரன் மளமளவென்று படி இறங்கி, என்ன சங்கதி என்பதுபோல் மண்டோரைப் பார்த்தான். மண்டோர் என்னைப் பார்த்தார். சித்தப்பாவின் ஒற்றைக் கன்னத்தையும் பார்த்தார்.

"சாக்கிட், துவான். ஜங்கித்" என்றார் மலாயில். நோய், ஐயா. ஒட்டிக்கொள்ளும். ஜப்பான்காரன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அன்று சாயங்காலம் வீடே சிரித்தது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். நான் மட்டும் உம்மென்று இருந்தேன். எனக்குத்தான் நோய் என்று நியாயம் பேசியவர் மண்டோர் ஒருவரே என்று எண்ணி, மறுநாள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். லாரியில் ஆள் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சித்தப்பாவின் இடத்தில் யார் ஏறிப் போனார் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.