முகம்மது தம்பிக்கு வீடு உண்டா?

முகம்மது தம்பி லொறி ஓட்டியவர். சவளக்கடைப் பக்கத்து ஆலைகளில் அரிசி மூட்டை ஏற்றிக் கொழும்புக்குப் போவதும் வருவதுமாகவே அவருடைய வாலிபம் கழிந்தது. வழியில் கண் சொருகினால் லொறியை ஓரங்கட்டிவிட்டு மூட்டைகளுக்கு மேல் ஏறிப் படுத்துவிடுவார். மழை வந்தால் மூட்டைகளை மூடும் படங்கை இழுத்துப் போர்த்திக்கொள்வார். உடம்பு அப்படியே பழகிப் போயிற்று.

வயது போய், லொறியை விட்டுவிட்டு கல்முனையில் வீட்டோடு இருக்க வந்த பிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. கூரைக்குக் கீழே அவருக்குத் தூக்கம் வரவில்லை. யன்னல்களைத் திறந்து பார்த்தார். மின்விசிறியைக் கூட்டிப் பார்த்தார். கட்டிலை வாசலுக்கு இழுத்து, கால் உள்ளேயும் தலை வெளியேயுமாகப் படுத்துப் பார்த்தார். அந்தக் கட்டிலில் இடறி அவருடைய மனைவி மைமூனா விழுந்து எழும்பியதுதான் மிச்சம். அன்றைக்கே பாயையும் தலையணையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். இரவு இஷாத் தொழுதுவிட்டு, கரையேற்றிக் கிடந்த தோணியொன்றின் பக்கத்தில் படுத்தவர் அதிகாலைச் சுபஹு பாங்குக்குத்தான் கண் விழித்தார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். பாயும் தலையணையும் தோணிக்கு அடியிலேயே கிடக்கும். மைமூனாவும் தடுக்கவில்லை. கணவர் குறட்டை விடும் சத்தம் கடலுக்குத்தான் பொருத்தம் என்பது அவருடைய எண்ணம்.

இப்படி இருக்கையில்தான், நகரத்தில் வீடு வாசல் இல்லாமல் வெளியில் வாழ்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு காரியாலயம் கணக்கெடுத்தது. ஒன்பது பேர் என்று அறிவித்தார்கள். தொண்டு அமைப்பொன்று அதை நம்பவில்லை. அவர்கள் தாங்களும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இல்லை, பத்து என்றார்கள். இந்த ஒரு ஆளுக்காக நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ஏழைகளை மறைக்கிறார்கள் என்று இவர்கள் அறிக்கை விட்டார்கள். இல்லாத ஏழைகளை உண்டாக்குகிறார்கள் என்று அவர்கள் பதில் அறிக்கை விட்டார்கள். முகநூலில் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து ஏச்சுப் பேச்சு நடந்தது.

அந்தப் பத்தாவது ஆள் முகம்மது தம்பி என்பது அவருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். ஒருநாள் விடிந்த பிறகு அவர் பாயை உதறிக்கொண்டு நிற்கும்போது, அந்த அமைப்பில் வேலை செய்யும் யதுசா என்ற பாண்டிருப்புப் பிள்ளை வந்து, ஐயாவுக்கு வீடு இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டாள். முகம்மது தம்பி பொய் சொல்லிப் பழகாதவர். இந்தப் பக்கத்து வழமைப்படி, கல்முனை வீடு மைமூனாவுக்கு அவருடைய வாப்பா கொடுத்த சீதனம். தானே கல் சுமந்து நிந்தவூரில் கட்டிய வீட்டை மகள் நஸ்லியாவின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

"எனக்கெங்க புள்ள ஊடு? ஒண்டு பொண்டாட்டிட. மத்தது மகள்ட."

"அப்ப எங்க படுக்கிறீங்க?"

"இஞ்சதான்."

"சாப்பாடு?"

"ஆரும் ஆக்கித் தந்தாத் திம்பன்."

அதுவும் உண்மைதான். அவர் ஒருநாளும் அடுப்படிக்குப் போனதில்லை. யதுசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டாள். கடற்கரையின் அழகைக் காட்டுவதற்காக்கும் என்று நினைத்து அவர் பல் தெரியச் சிரித்தார். சிரிக்க வேண்டாம் என்றாள். கஷ்டப்பட்டு முகத்தைத் தொங்கப் போட்டார்.

வீடில்லாத முதியவர் என்று படம் ஊரெல்லாம் பரவியது. ஒருவர் கடற்கரைக்கே பிரியாணிப் பொதி கொண்டுவந்து கொடுத்தார். எங்கேயோ கந்தூரிச் சாப்பாடாக்கும் என்று இவரும் வாங்கிச் சாப்பிட்டார். இன்னொருவர் உடுக்க இரண்டு சாரன் கொடுத்தார். மூன்றாவது ஆள் ஒரு வாளி கொடுத்தபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. வாளியோடு வீட்டுக்குப் போனால், மைமூனா தொலைபேசியைக் காதில் வைத்தபடி கல்லாக நின்றார். மறுமுனையில் நிந்தவூரிலிருந்து நஸ்லியா அழுதுகொண்டிருந்தாள்.

"உம்மா, வாப்பாவ நீங்க எப்ப உட்டுப் பிரிஞ்ச? எங்களுக்கு ஏன் சொல்லல்ல?"

அன்று மைமூனா பேசிய பேச்சை முழுதாக எழுத முடியாது. இத்தனை வருசமாக ஆக்கிப் போட்டது யாருக்கு என்பதில் தொடங்கி, அந்த வாளியை எறிவதில் முடிந்தது. வீடில்லாதவர்கள் கணக்கிலிருந்து பேரை வெட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க வேண்டும் என்றார்.

முகம்மது தம்பி முதலில் தொண்டு அமைப்புக்குப் போனார். யதுசா வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தாள். அவளுடைய தலைவரோ, ஒருவரை விட்டால் ஒன்பதாகிவிடும், அது தோல்வி என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து காரியாலயத்துக்குப் போனார். ஸஜாத் என்ற உத்தியோகத்தர் அவரைக் கண்டதும் எழும்பி வந்து கதிரை போட்டார், தேத்தண்ணி வரவழைத்தார். தனக்கு வீடு உண்டு என்று ஒரு வரி எழுதி ஒப்பம் வைத்தால் போதும் என்றார்.

பேனாவை எடுத்த முகம்மது தம்பி அப்படியே நிறுத்தினார்.

"எனக்கு ஊடு இரிக்கெண்டு எப்பிடி மகன் ஒப்பம் வைக்கிற? ஊட்டு உறுதிப் பத்திரம் அவட பேரிலயல்லுவா இரிக்கி."

ஸஜாத் எவ்வளவோ கெஞ்சினார். மனைவியின் வீடு உங்களுடைய வீடுதானே என்றார். அதை மைமூனாவிடம் கேட்காமல் சொல்ல ஏலாது என்று இவர் சொல்லிவிட்டார்.

கடைசியில் இரண்டு தரப்பும் சேர்ந்து வீட்டுக்கே வந்து தீர்த்துக்கொள்வதாக முடிவாயிற்று. பின்நேரம் வந்து உட்கார்ந்து, மைமூனா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு விசாரித்தார்கள். உடுப்பு எங்கே? அலுமாரியில். பல் தூரிகை? குளியலறையில். ஸஜாத்தின் முகம் மலர்ந்தது. தலையணை எங்கே என்று யதுசா மெல்லக் கேட்டாள். தலையணை தோணிக்கு அடியில் கிடந்தது.

மனிசன் சட்டை தொங்குகிற இடத்தில் வாழ்கிறானா, தலை வைக்கிற இடத்தில் வாழ்கிறானா என்று வாதம் சூடு பிடித்தது. பொறுமை இழந்த தலைவர், வேண்டுமானால் இவரை அரை ஆளாக எடுத்து ஒன்பதரை என்று போடுவோம் என்றார்.

மைமூனா எழும்பிவிட்டார்.

"எண்ட மனிசன் முழு ஆள். உங்களுக்குப் பத்துத்தான் வேணுமெண்டா பஸ் நிலையத்துக்குப் பின்னால போய்ப் பாருங்க. பூட்டின கடை வாசல்ல செல்லத்தம்பி எண்டு ஒரு மனிசன் கிடக்கிற. அவர எண்ணினயா?"

இரண்டு தரப்பாரும் தங்கள் தாள்களைப் புரட்டினார்கள். செல்லத்தம்பி இரண்டிலும் இல்லை. சொறிக்கல்முனைக்காரரான அவர் விடியுமுன்னமே சந்தைக்கு மரக்கறி இறக்கப் போய்விடுவார். எண்ண வந்தவர்கள் விடிந்த பிறகு வந்தார்கள். அவ்வளவுதான்.

கடைகள் பூட்டிய பிறகு எல்லோருமாகப் புறப்பட்டுப் போனார்கள். செல்லத்தம்பி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழும்பி, விசயத்தைக் கேட்டார்.

"எண்ணி என்ன செய்யப் போறீங்க?"

முதலில் தொகை தெரிய வேண்டும் என்றார் ஸஜாத். தொகை தெரிந்தால் பிறகு யோசிக்கலாம் என்றார் தலைவர். யதுசா தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப எண்ணுங்க. நான் ஒரு இடமும் போகல்ல" என்று செல்லத்தம்பி திரும்பப் படுத்துக்கொண்டார்.

புதிதாக ஒருவரைக் கண்டுபிடித்ததால் தொகை பத்து என்று காரியாலயம் அறிவித்தது. முகம்மது தம்பியை வெட்டிவிட்டுச் செல்லத்தம்பியைச் சேர்த்துக்கொண்டு, நாங்கள் ஆரம்பத்திலிருந்தே பத்து என்றுதானே சொன்னோம் என்று அமைப்பு அறிவித்தது. இரண்டும் ஒரே நாளில் வந்தன, இரண்டிலும் வெற்றி என்ற சொல் இருந்தது. செல்லத்தம்பிக்கு ஒன்றும் வரவில்லை. யதுசா மட்டும், அவருக்கு ஒரு அறை தேடி இன்னமும் அலைந்து திரிகிறாள்.

முகம்மது தம்பிக்கு மறுபடியும் கடற்கரைக்குப் போக அனுமதி கிடைத்தது. ஆனால் மைமூனா ஒரு நிபந்தனை போட்டார். இனி யாரும் பார்த்து இரங்கக் கூடாது. ஆகவே இப்போது அவர் இஷாவுக்குப் பிறகு, இஸ்திரி போட்டு மினுக்கிய வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமும் போட்டு, அத்தர் பூசிக்கொண்டுதான் தோணிக்குப் பக்கத்தில் படுக்கிறார். சட்டையின் கழுத்துப்பட்டி உறுத்துகிறதாம். காலையில் நடக்க வருகிறவர்கள் ஸலாம் சொல்லி, யாருடைய கலியாணம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.