துளசியின் உயரம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மைதானத்தின் வாசலில் ஒரு பெரிய சன்ஸ்கிரீன் புட்டியோடு நிற்பதுதான் என் முதல் வேலை. வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை நீட்டுவார்கள். புட்டியின் தலையை அமுக்கி, அந்த உள்ளங்கையில் வெள்ளைக் களிம்பை விடுவேன். அவ்வளவுதான். மூக்கின்மேல் திட்டாக நின்றாலும், காதுமடல் விடுபட்டுப்போனாலும் நான் விரலால் தடவிவிடக் கூடாது; பிள்ளைகளைத் தொடக் கூடாது என்பது இங்கே விதி. "அங்கே, இன்னும் கொஞ்சம் மேலே" என்று என் முகத்தில் இடத்தைக் காட்டுவேன். எதிரே நிற்கும் பிள்ளை கண்ணாடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துத் தன் முகத்தில் தடவிக்கொள்ளும். பாளையங்கோட்டையில் பதினோரு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். முட்டி சிராய்த்து வந்த பிள்ளையை மடியில் போட்டு மண்ணைத் துடைத்துப் பழகியவள். மெல்பேர்னுக்கு வந்த முதல் மாதம், என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன்.

2011-ஆம் ஆண்டின் கடைசியில் இங்கே வந்தேன். மெல்பேர்னின் புறநகரான கிரெய்கிபர்னில் உள்ள ஒரு திருச்சபை, புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க ஓர் ஊழியர் வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சபைக்கு எழுதியிருந்தது. இரண்டு வருட விசா. என் கணவர் தேவதாஸ் கணக்கு வாத்தியார். அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மகள் ஜெமிக்கு அப்போது எட்டு வயது. மூன்று இரவு முழங்காலில் நின்று ஜெபித்த பிறகு, இது ஆண்டவரின் அழைப்பு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்றும் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஜெமி ஒரு கேள்வி கேட்டாள். "அங்க உள்ள பிள்ளைகளுக்கு விளையாடத் தெரியாதாம்மா?" எத்தனையோ பேருக்கு என் அழைப்பைப் பற்றிச் சாட்சி சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை.

இங்குள்ள பிள்ளைகளுக்கு நன்றாகவே விளையாடத் தெரிந்திருந்தது. நெட்பாலும், ஃபுட்டி என்கிற இந்த நாட்டுக் கால்பந்தும் என்னைவிட அவர்களுக்கே அதிகம் தெரியும். எனவே எனக்குத் தெரிந்த கோ-கோவைக் கையில் எடுத்தேன். புல்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஹார்ட்வேர் கடையில் இரண்டு மரக்கம்பங்கள் வாங்கி விதிப்படி அறுத்து நட்டேன். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லிண்டா என்னைக் கூப்பிட்டார். சபையில் பிள்ளைகள் பணிக்குப் பொறுப்பாக இருக்கும் அறுபது வயதுப் பெண்மணி அவர். "கிரேஸ், ஒரு பிள்ளை 'கோ' என்று கத்தினால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எழுந்து ஓடுகிறது. மிகவும் அழகான ஆங்கில விளையாட்டு. உங்கள் ஊருக்கு யார் கொண்டுவந்தார்கள்?" என்று கேட்டார். அது 'போ' என்று பொருள்படும் ஆங்கில 'கோ' இல்லை என்று விளக்கப் பத்து நிமிடம் முயன்றேன். கடைசியில் அவர் என்னைத் தட்டிக்கொடுத்து, "உன் ஆங்கிலம் நாளுக்கு நாள் முன்னேறுகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த விளையாட்டுக்குத்தான் சிவநேசன் தன் மகளை அழைத்துவந்தார். படகில் வந்து, தடுப்பு முகாமில் பல மாதம் இருந்து, பிரிட்ஜிங் என்கிற தற்காலிக விசாவில் வெளியே வந்தவர். வேலை செய்ய அனுமதி இல்லை. முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, முன்தலை நரைத்திருந்தது. முதல் நாளே வேலியோரம் நின்று என்னிடம் பேசினார்.

"அக்கா, நீங்கள் வேதக்காரர் எண்டு தெரியும். அதிலை எனக்கு ஒண்டுமில்லை. பிள்ளை விளையாடட்டும். ஆனா மதம் மாத்திற கதை வேண்டாம். நாங்கள் சைவம்."

"சரி தம்பி."

"மற்றது, படம் எடுக்கக் கூடாது. அவவின்ரை தாய் இன்னும் இந்தியாவிலை முகாமிலைதான் இருக்கிறா. தம்பி அப்ப கைக்குழந்தை, அதாலை அவை வரேல்லை. நாங்கள் கடலாலை வந்தது அங்கை ஒருத்தருக்கும் தெரியாது."

எந்த முகாம் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயர் எனக்குத் தெரிந்ததுதான். என் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம். சிவநேசன் அங்கே பதினான்கு வருடம் இருந்திருக்கிறார். பத்து வயதுத் துளசி அங்கேதான் பிறந்தவள். ஈழத்தை அவள் பார்த்ததே இல்லை. அப்பாவிடம் "ஓம் அப்பா" என்பாள். என்னிடம் ஓடிவரும்போது எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "டீச்சர், அவ என்னைத் தொடவே இல்ல. தொட்டுட்டேன்னு பொய் சொல்லுதா!" அந்தச் 'சொல்லுதா' காதில் விழும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். வீட்டில் ஜெமி பேசுவதும் அப்படித்தான். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பேச்சு, ஓடும்போது ஒரே மாதிரி நாக்கை வெளியே துருத்திக்கொள்ளும் பழக்கம்.

சிவநேசனுக்குக் கொடுத்த முதல் வாக்கைக் காப்பாற்றினேன். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வேதாகமக் கதை கேட்பார்கள். அந்த நேரத்தில் துளசி அப்பாவிடம் போய் ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருப்பாள். இரண்டாவது வாக்கை அக்டோபர் மாதத்து ஒரு வெயில் நாளில் மீறினேன். அவள் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று, துரத்தி வந்தவளை ஏமாற்றிவிட்டு, மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். என் செல்போனில் ஒரே ஒரு படம் எடுத்தேன். அனுமதிப் படிவத்தில் படத்துக்கு 'இல்லை' என்று அவர் போட்டிருந்த அடையாளம் எனக்கு நன்றாகத் தெரியும். சபைக்காக எடுக்கவில்லை, ஜெமிக்காக எடுத்தேன். "இவளும் உன்னைப் போலவே ஓடுகிறாள்" என்று எழுதி அன்றே அனுப்பினேன். என் மகளுக்கு என் நாட்களில் ஒன்றையாவது காட்ட வேண்டும் என்றிருந்தது.

ஜெமி அதை அச்செடுத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்குக் கொண்டுபோய், "எங்கம்மாகிட்ட படிக்கிற பிள்ளை" என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். யாரோ பெயர் கேட்க, பெயரையும், நான் போனில் சொல்லியிருந்த படகுக் கதையையும் சொல்லியிருக்கிறாள். சபைச் செயலாளர் அந்தப் படத்தை வாங்கி மாத இதழின் அட்டையில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி: 'படகில் வந்த சிறுமி துளசி, இன்று இயேசுவின் மைதானத்தில்.' முகாமில் தையல் வகுப்பு எடுக்கப் போகும் எங்கள் சபைப் பெண்கள் வழக்கம்போல அந்த இதழையும் கையோடு கொண்டுபோனார்கள்.

இவை எதுவும் தெரியாமல், ஒரு சனிக்கிழமை வழக்கம்போலப் புட்டியோடு வாசலில் நின்றேன். சிவநேசன் தனியாக வந்தார். தன் செல்போனை என் முன்னால் நீட்டினார். முகாமிலிருந்து யாரோ அனுப்பிய அந்த இதழின் அட்டை.

"அக்கா, இது நீங்கள் எடுத்த படமோ?"

"ஆமா."

"நான் உங்களிட்டை ரெண்டு விசயம்தான் கேட்டனான். ரெண்டும் இதிலை இருக்கு."

பிறகு மெதுவாக, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார். புருசனும் பிள்ளையும் சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் இருப்பதாக அவர் மனைவி வசந்தி முகாமில் சொல்லிவைத்திருந்தாள். இதழ் வந்த நான்காம் நாள் முகாம் அதிகாரிகள் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று நாள், காலையிலிருந்து மாலை வரை, சின்ன மகனோடு அலுவலக வாசலில் உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள்.

"நான் வேணும்னு செய்யல தம்பி."

"வேணுமெண்டு செய்தனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா செய்தனீங்கள்."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி நடந்தார். அதன்பின் துளசி வரவில்லை. நானே லிண்டாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், நான்கு வாரம் பிள்ளைகள் பக்கம் வரக் கூடாது என்றார். "நீ சொன்னது நல்லது, கிரேஸ். ஆனால் விதி விதிதான்." ஊருக்கு அழைத்து, அந்த இதழைத் திரும்பப் பெறுங்கள் என்று செயலாளரிடம் கெஞ்சினேன். "நல்ல நோக்கத்துலதானம்மா போட்டோம். சபையே அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்குது," என்றார். ஜெபம் என்ற சொல் எனக்கு உறுத்தியது அன்றுதான் முதல்முறை.

அந்த நான்கு சனிக்கிழமைகளும் ரயில் நிலையம் வரை நடந்துபோய்த் திரும்பினேன். டிசம்பர் வெயிலில் புதிதாக எழும்பும் வீடுகள், காலியான மனைகள், இன்னும் நிழல் தராத கன்றுகள். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத தெருக்கள். டிசம்பர் என்றால் ஊரில் கிறிஸ்துமஸ் கீதபவனி பாடகர்கள் வீடுவீடாக வருவார்கள். ஜெமி தூக்கம் கெட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்பாள். விமானச்சீட்டு போட்டுவிடலாமா என்று தினமும் நினைத்தேன். போனால், வசந்தியைத் தாண்டித்தானே என் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தோன்றும். தேவதாஸை அழைத்து, "நீங்க போய் அவங்களப் பாருங்க. எனக்காக மன்னிப்புக் கேளுங்க," என்று சொன்னேன்.

அவர் ஜெமியையும் கூட்டிக்கொண்டு போனார். அன்று மாலை ஸ்கைப்பில் வந்தபோது, நான் எதிர்பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை.

"அவங்க திட்டவே இல்ல கிரேஸ். முதல்ல உக்காரச் சொன்னாங்க. விசாரணையெல்லாம் முடிஞ்சு போச்சு, விட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. அந்த அட்டைய வெட்டி டிரங்குப் பெட்டி மூடியில உள்பக்கமா ஒட்டி வச்சிருக்காங்க. கீழே உள்ள வரிய மட்டும் வெட்டி எறிஞ்சிட்டாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. படத்துல பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு கம்பம் இருக்குல்லா, அது எவ்வளவு உயரம்னு கேட்டாங்க. ரெண்டு வருசமாப் பாக்கல, போன்ல குரல் மட்டுந்தான். அந்தக் கம்பத்த வச்சுப் பிள்ளை எவ்வளவு வளந்திருக்கான்னு கணக்குப் பாக்கணுமாம்."

கோ-கோ கம்பத்தின் உயரம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நூற்றிருபது சென்டிமீட்டர். ஆனால் படத்தில் துளசி கம்பத்துக்கு ஓர் எட்டு முன்னால் நிற்கிறாள். அதை வைத்து உயரம் சொன்னால் தப்பாகிவிடும். ஒரு தாய்க்குத் தப்பான உயரத்தைச் சொல்ல எனக்கு மனமில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சிவநேசன் வீட்டுக்குப் போனேன். இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட வாடகை வீடு. கதவைத் திறந்தவர் வழிவிடாமல் நின்றார். வாசலில் நின்றபடியே வசந்தி கேட்டதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகிற்று.

"என்னட்டை அவ இதைக் கேக்கேல்லை," என்றார். கதவிலிருந்து விலகி, "உள்ளுக்கு வாங்கோ. கதிரையிலை இருங்கோ," என்றார்.

துளசியைக் கதவுநிலையில் சாய்ந்து நிற்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை; யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை போலும். தலைமேல் ஒரு பள்ளிப் புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு இழுக்கப் போன சிவநேசன் கையை நிறுத்தினார்.

"குதியை ஊண்டி நில்லு, பிள்ளை. நுனிக்காலிலை நிக்கிறாய்."

"அம்மாவுக்குத்தானே அப்பா. கொஞ்சம் உயரமாச் சொன்னா என்ன?"

அவர் புத்தகத்தை அவள் தலையில் அழுத்தினார். அவள் குதியை ஊன்றினாள். நூற்று முப்பத்தொன்பது. அவர் அதை ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்துவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. அடுப்புச் சத்தம் கேட்கவே இல்லை. துளசி தன் பள்ளியின் நெட்பால் அணியைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விடைபெறும்போது அவர், "சனிக்கிழமையிலை இனி அனுப்பேலாது அக்கா. குறை நினைக்காதேங்கோ," என்றார். குறை நினைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சபைக்கு இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறேன். எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லாமல், எந்தப் படமும் இல்லாமல். செயலாளருக்கு அதில் வருத்தம்தான். என் விசா முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

அந்தத் தாளில் இருந்த எண்ணை நான் ஸ்கைப்பில் சொல்ல, அதை எடுத்துக்கொண்டு தேவதாஸும் ஜெமியும் மறுபடி முகாமுக்குப் போனார்கள். தையல் வகுப்பின் அளவு நாடாவைப் பிடித்து, வசந்தி தன் வீட்டுச் சுவரில் நூற்று முப்பத்தொன்பதில் ஒரு கோடு இழுத்தாள். பிறகு ஜெமியைக் கூப்பிட்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கச் சொல்லியிருக்கிறாள். என் மகள் மூன்று விரற்கடை குறைவு. வசந்தி அதற்கும் ஒரு கோடு இழுத்து, "இதைப் பிள்ளையின்ரை அம்மாட்டைச் சொல்லுங்கோ, அவவும் தெரிஞ்சுகொள்ளட்டும்," என்று தேவதாஸிடம் சொன்னாளாம். முகாம் வீட்டுச் சுவரில் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒரு கோட்டுக்குரிய பிள்ளை மெல்பேர்னில் இருக்கிறாள். மற்றதற்குரிய பிள்ளையின் தாய் மெல்பேர்னில் இருக்கிறாள்.