வலது பக்கம் ஆறு, இடது பக்கம் பேக்டரி

பேய், பிசாசு, அருள்வாக்கு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருவிழாவில் சாமியாடுகிறவரைக்கூட, வேட்டி அவிழாமல் ஆடுகிறாரா என்றுதான் பார்ப்பேன். அதனால் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் ஒரு பொம்பளைக்கு எதற்கு இந்த ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் பைத்தியம் என்று கேட்கிறவர்களுக்கு, என்னிடம் இதைவிட்டால் வேறு பதில் இல்லை.

எழுபதுகளின் நடுவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார், அம்மா கொழுந்து பறித்தாள். நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அந்தச் சமயம் பழைய துரை சீமைக்குத் திரும்பினார். போகும்போது பங்களாவில் கிடந்த ரேடியோகிராமை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். ரேடியோவும் இசைத்தட்டு சுழலும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த பெரிய மரப்பெட்டி, இரண்டு ஓரத்திலும் துணி போர்த்திய ஸ்பீக்கர். அதை உள்ளே கொண்டுவர அப்பா வாசல் கதவையே கழற்றினார். அது உள்ளே வந்ததும் கட்டில் வெளியே போனது. அம்மா திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் லைனுக்குத் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்துதான் கரண்ட். பொழுது சாய்ந்தால் கொடுப்பார்கள், தூங்கப்போகும் நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். பகலில் கிடையவே கிடையாது. பகலெல்லாம் அந்தப் பெட்டி வெறும் அலமாரிதான், மேலே பவுடர் டப்பாவும் சீப்பும் இருக்கும்.

அன்று மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அத்தை வேலை முடிந்து வந்துவிட்டார், அம்மாவைக் காணோம். கொழுந்தை எடைபோட நிறுவைக்கு நிற்கிறாள்போல என்று நான் பாட்டுக்குப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அது 'உஸ்' என்றது.

மழைச் சத்தம் என்றுதான் நினைத்தேன். காதை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், வலது ஸ்பீக்கரில் தண்ணீர் ஓடியது. இடது ஸ்பீக்கரில் தேயிலை பேக்டரியின் மெஷின், தூரத்திலிருந்து கேட்பதுபோலக் கடகடவென்று. பெட்டியின் விளக்கு எரியவில்லை. கூரையில் தொங்கிய பல்பும் எரியவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், தண்ணீருக்கும் மெஷினுக்கும் நடுவிலிருந்து, ஸ்பீக்கரே இல்லாத வெறும் பலகையிலிருந்து, அம்மா குரல் வந்தது.

"ஏ புள்ள... புள்ள..."

"இரும்மா, வரேன்!" என்று கத்திவிட்டேன். உடனே எல்லாம் அடங்கிப்போனது.

நேராகக் கங்காணி வீட்டுக்கு ஓடினேன். அம்மா இன்னும் வரவில்லை என்றேன். அவர் சாவகாசமாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா கொழுந்து நிறுவை ஆச்சு, பேரும் போட்டாச்சு. அப்பவே எறங்கியிருப்பா. டவுனுக்கு எங்கயாச்சும் போயிருக்கும் லா."

என்னிடம் சொல்லாமல் அம்மா தானா ராத்தா டவுனுக்குப் போகிறவள் இல்லை. அதற்குள் என் பின்னாலேயே வந்த அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

"கங்காணி, அவ கூடைய நான்தான் நிறுவைக்குக் கொண்டாந்தேன். காய்ச்சலா இருக்குன்னு காலையிலேயே சொன்னா. நெர முனையில அவ கூடை மட்டும் இருந்துச்சு. வூட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சு அவ பேரச் சொல்லிட்டேன்."

எங்கள் தோட்டத்தில் இது பழக்கம். ஒருத்திக்கு முடியாமல் போனால் பக்கத்துச் செடி வரிசையில் பறிக்கிற நிரைக்காரி அவள் கூடையையும் சேர்த்துச் சுமந்து போய், அவள் பேரில் எடை போட்டுவிடுவாள். கூலி கெடாது. கங்காணிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார். அந்த நல்ல மனதால்தான் அம்மா மலையை விட்டு இறங்கியதாகக் கணக்காகி, ஒருத்தரும் தேடாமல் போய்விட்டார்கள்.

கங்காணி தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். எல்லோரும் அம்மாவின் நிரை இருந்த மேட்டுப் பக்கம் கிளம்ப, நான் வழிமறித்தேன்.

"மேல வேணாம். வலது கைப்பக்கம் ஆறு கேக்கணும், இடது கைப்பக்கம் பேக்டரி கேக்கணும். அந்த எடத்துக்குப் போலாம்."

"அது கீழ வெறகுப் பள்ளம்லா. யாரு சொன்னா ஒனக்கு?"

"அம்மாதான் சொன்னிச்சு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் வந்தார். அம்மா அங்கேதான் கிடந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் விறகு பொறுக்க இறங்கியவள் வடிகாலில் வழுக்கி விழுந்திருந்தாள், கால் முறிந்து, குளிரில் பேச்சும் வராமல் கிடந்தாள், மழைத் தண்ணீர் நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நினைக்க எனக்கு இப்போதும் துணிவில்லை. சாக்கில் கிடத்தித் தூக்கிவந்து, அப்பாவின் லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னதும் நான் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், அப்பா அழுதார். அத்தனை நிம்மதியை நான் அதற்கப்புறம் அனுபவித்ததே இல்லை.

அந்தப் பெட்டியை அப்புறம் பகலில் எத்தனையோ முறை காதை வைத்துப் பார்த்துவிட்டேன், மூச்சுவிடவில்லை. பின்பலகையைக் கழற்றி ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை, பைத்தியம் மட்டும் பிடித்துக்கொண்டது. எங்கே உட்கார்ந்தால் பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நிற்பதுபோலக் கேட்கும் என்று தேடுவதே பிழைப்பாகிவிட்டது. எண்பதுகளில் கம்போங் ராஜாவில் ஒரு காய்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, சேர்த்த சம்பளத்தில் ஈப்போவுக்குப் போய் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கினேன். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் கடைக்காரர், என்னோடு வந்த அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். அப்பா பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அதை வீட்டில் மாட்டிய அன்றுதான் அம்மாவை நடுவில் உட்காரவைத்துப் பாட்டுப் போட்டேன். அவளிடம் ரேடியோகிராம் விஷயத்தை நான் அதுவரை சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்குப் பள்ளத்துல இப்படித்தான் கேட்டுச்சு, பக்கத்துல இருக்க மாதிரி. 'இரும்மா, வரேன்'னு நீ சொன்ன. அடுப்புல சோத்துப் பான மூடி தடதடன்னு ஆடுச்சு. வூட்லதான் படுத்திருக்கோம்னு நெனச்சு பயப்படாம கெடந்தேன்."

ரேடியோவிலிருந்து சத்தம் வெளியேதான் வரும், உள்ளே போகாது. அன்று நான் உலை வைத்திருந்தது உண்மை.

"நீ கூப்பிட்டியே, அதுக்குத்தாம்மா நான் பதில் சொன்னேன்," என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் எங்க புள்ள கூப்பிட்டேன்? விழுந்த வேகத்துல தாடை மாட்டிக்கிச்சு, ஆஸ்பத்திரியில வந்துதான் சரி பண்ணாங்க. வாயத் தொறக்கவே முடியல."