வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மீன் வளர்ப்பது லேசான வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். நாய்க்குப் பசித்தால் குரைக்கும். பூனை காலைச் சுற்றும். மீனுக்கு என்ன வந்தது என்று கடைசி வரைக்கும் தெரியாது. வாயைத் திறந்து திறந்து மூடும், நாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தொட்டியை வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். அப்போது ஈப்போவில், குனோங் ராபாட்டில், மலைக்குக் கீழே ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ஈயச் சுரங்கங்களுக்கு இயந்திரம் பழுது பார்க்கிற பட்டறையில் அவருக்கு வேலை. எண்பதுகளின் நடுவில் ஈயத்தின் விலை விழுந்து, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது பட்டறையும் படுத்துவிட்டது. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம், பழைய போர்வையில் சுற்றிய கண்ணாடித் தொட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"நீ தனியா இருப்பலா. பேச்சுத் துணைக்கு," என்றார்.

"மீன் பேசுமா?"

"நீ பேசு, அது கேட்கும். என்னைய மாதிரி குறுக்கப் பேசாது."

தங்கமீன் இரண்டு, நீலக்கோடு போட்ட பொடிமீன் கொஞ்சம், கறுப்பு மோலி ஒரு ஜோடி. குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி, கடையில் வாங்கிய பொடிக்கல்லைக் கீழே பரப்பி, மூலையில் பஞ்சு வைத்த ஒரு டப்பாவை நிறுத்தி, அதற்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டாரை மாட்டி, அன்றைக்கே எல்லா மீனையும் விட்டுவிட்டார். கறுப்பு ஜோடியைக் காட்டி, "இது குட்டி போடற ஜாதி. நான் வாரதுக்குள்ள போட்டிருக்கும் பாரு. பத்திரமா பாத்துக்க," என்றார். பஸ் ஏறுகிற அன்று காலையிலும் அதையே சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இந்த மீன்கள் உயிரோடு இருக்கிற வரைக்கும் அவர் திரும்பி வருவார் என்று மனசு ஒரு முடிச்சுப் போட்டுவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்தப் பைத்தியமாவது வேண்டாமா?

நான் பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்சர் எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தால் முதலில் தேடுவது தேங்கின தண்ணீரைத்தான். கொட்டாங்கச்சியில் ஒரு கை தண்ணீர் நின்றாலும் காலால் உதைத்துக் கவிழ்ப்பார். கொசு முட்டையிடும் என்று அம்மாவுக்கு எல்லார் முன்னாலும் திட்டு விழும். தேங்கின தண்ணீர் பாவம், ஓடுகிற தண்ணீர் புண்ணியம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். போதாததற்கு வெள்ளிக்கிழமை வேறு. விளக்குத் துலக்கி, வீடு வாசல் மொத்தமும் கழுவிவிடாமல் அம்மா வாயில் பச்சைத் தண்ணீர் படாது. நானும் அப்படியே. அப்பேர்ப்பட்டவள் வீட்டுக் கூடத்தில், ஒரு தொட்டி நிறைய நின்ற தண்ணீர்!

அவர் போன முதல் வெள்ளிக்கிழமையே மீன்களை வாளிக்கு மாற்றித் தொட்டியைக் கவிழ்த்தேன். பொடிக்கல்லைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வெயிலில் உலர்த்தினேன். டப்பாவில் இருந்த பஞ்சு பழுப்பாகிப் போயிருந்தது. சீ என்று தூக்கி எறிந்து புதுப்பஞ்சு வைத்தேன். கண்ணாடியைத் தேய்த்த தேய்ப்பில் தொட்டி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. புதுத் தண்ணீர் பிடித்து மீன்களை விட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டேன். அவர் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. நீலக்கோடுகள்தான் முதலில் போயின. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவின் தொலைபேசியில் அவர் கூப்பிட்டார். ஞாயிறுதோறும் கூப்பிடுவார், அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்துவார், நான் ஓடுவேன்.

"மீனுங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றேன்.

தண்ணீர் கலங்கினால் கழுவாதது குறை என்பது எனக்குத் தெரிந்த நியாயம். அதனால் வெள்ளிக்கிழமை போதாதென்று செவ்வாயும் கழுவினேன். கழுவக் கழுவக் கலங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, "கிருமியாத்தான் இருக்கும் தங்கச்சி, ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுப் பாரு," என்றார். புண்ணுக்குப் போடுகிற மருந்துதானே என்று போட்டேன். தொட்டி ரசம் மாதிரி ஆனது, இரண்டு தங்கமீன்களும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தன.

டவுனில் மீன் கடை வைத்திருந்த சீனர் என்னைப் பார்த்தாலே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். செத்த மீனின் அளவைக் கையால் காட்டி அதே மாதிரி கேட்கிற வாடிக்கைக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "எல்லாம் கழுவுறியா? ஆலாமா! பழைய தண்ணிதான் பாகுஸ், நல்லது. கொஞ்சம் எடு, கொஞ்சம் ஊத்து," என்றார் ஒருநாள். எனக்குச் சிரிப்புக்குப் பதில் எரிச்சல் வந்தது. மீன் செத்தால்தானே அடுத்த மீன் விற்கும், இந்த ஆள் அழுக்கை நல்லது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இன்னொரு தங்கமீனை வாங்கினேன். அதன் வாலில் வெள்ளைப் புள்ளி இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அவர் வந்ததும் கண்டுபிடித்துவிடுவாரே என்று அன்று முழுக்கக் கவலை.

ஆனால் கறுப்பு ஜோடி மட்டும் எதற்கும் அசையவில்லை. அவர் கையால் விட்டதில் மிஞ்சியது அது ஒன்றுதான். அவற்றுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்து ஓடி வந்து பார்ப்பேன்.

இதற்கு நடுவில் அவருடைய பெரியப்பா பீடோரில் தவறிவிட்டார். அவரைத் தூக்கி வளர்த்த பெரியப்பா. தொலைபேசியில் சேதி சொன்னபோது, எப்போது என்று அதையே இரண்டு தடவை கேட்டார். பிறகு, "லீவு கிடைக்காதுலா. நீ போய் நின்னுக்க," என்றார். நான் போய் நின்றேன். அவர் எங்கே, அவர் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்தது. பங்காளி வீட்டுச் சாவு என்பதால் எங்கள் வீட்டுக்கும் தீட்டு. பதினாறு முடிகிற வரைக்கும் விளக்கில்லை, சாமி கும்பிடுவதில்லை. விளக்கில்லாத வீட்டில் வெள்ளிக்கிழமைக் கழுவல் எதற்கு? சும்மா கூட்டிப் பெருக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். தொட்டியையும் தொடவில்லை. தண்ணீர் முதலில் வெள்ளையாகக் கலங்கியது, ஒரு மாதிரி வாடை அடித்தது. போனால் போ என்று விட்டுவிட்டேன். வராதவருடைய துக்கத்தை நான் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறேன், இதில் மீனை வேறு யார் காப்பது?

தீட்டுக் கழிக்கிற நாளில் வீடு முழுக்கக் கழுவ வேண்டும். தோட்டத்துப் பழக்கத்தில் தொட்டியைத்தான் முதலில் கவிழ்க்கப் போனேன். வாளியோடு கிட்டே போனவள் அப்படியே நின்றேன். தண்ணீர் தெளிந்திருந்தது. நான் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவராத தெளிவு. கல்லெல்லாம் பழுப்பு, பஞ்சு அதைவிடப் பழுப்பு, கண்ணாடி ஓரத்தில் பச்சைப் பாசி. நடுவில் மீன்கள் துடுப்பை மடக்காமல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. நான் சுத்தமாக இருந்த நாளெல்லாம் செத்த மீன், வீடு தீட்டாகக் கிடந்த நாளில் பிழைத்திருக்கிறது. கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அழுக்கு என்று நான் கொட்டிய எதுவோதான் அந்தத் தண்ணீரைக் காத்திருக்கிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டை மட்டும் கழுவினேன்.

அதற்குப் பிறகு தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து, கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் ஊற்றினேன். ஒரு மீனும் சாகவில்லை. ஒரு காலையில் பார்த்தால் பாசிக்குள் கடுகுக்குக் கண் முளைத்த மாதிரி குட்டிகள்! கறுப்பு குட்டி போட்டிருந்தது. பெரிய மீன்கள் விழுங்கிவிடாமல் இருக்க வலைத்துணியில் ஒரு மறைப்புத் தைத்துப் போட்டேன். எனக்குள் எதுவோ நிறைந்துபோய் அன்று முழுக்கச் சோறே இறங்கவில்லை. தொலைபேசியில் சொல்லக்கூடாது, நேரில் வந்து பார்க்கட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

அடக்கிக்கொண்டதுதான் மிச்சம். ஞாயிறுதோறும் வந்த அழைப்பு மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. தீபாவளிக்கு, "சாவு வீடுலா நமக்கு இந்த வருஷம், வந்து என்ன செய்ய?" என்றார். அதுவும் சரிதான் என்று அக்காவிடம் அவருக்காக நானே வாதாடினேன்.

சீனப் பெருநாளுக்குக் கப்பல் வேலை நின்றபோது வந்தார். சதை போட்டிருந்தார், புதுக் கைக்கடிகாரம் கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போனேன். மறைப்பைத் தூக்கிக் குட்டிகளைக் காட்டினேன். "ம்," என்றார். "கெட்டிக்காரிதான்," என்றார். வாலில் வெள்ளைப் புள்ளி இருந்த மீனை அவர் கவனிக்கவே இல்லை. பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லைதான், ஆனாலும் வந்திருக்கிறவருக்குப் பிடித்த வாவால் மீன் வாங்கப் பசாருக்குப் போய்த் திரும்பினேன். வாசல் சிமெண்டில் பொடிக்கல் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை சொட்ட, அவர் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பளபளப்பு.

"வெள்ளிக்கிழமைலா," என்று சிரித்தார். "எப்பவும் நீதான கழுவுவ? இன்னிக்கு நான் கழுவிட்டேன். எவ்வளவு பாசி தெரியுமா?"

"குட்டிங்க?"

"எந்தக் குட்டி?"

சாக்கடை ஓரத்தில் வலைத்துணி ஈரமாகக் கிடந்தது. வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினேன். கல்யாணமான நாள் முதல் அந்த மனுஷன் எனக்காக ஒரு டம்ளர் கழுவியதில்லை. என் வெள்ளிக்கிழமையை ஞாபகம் வைத்திருந்து, முட்டி போட்டு, கல்லைக்கூடச் சுடுதண்ணீரில் அலசி எடுத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? இந்தத் தண்ணீர் மீனைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். மீன் போனால் போகட்டும், என் மனுஷன் எனக்குத் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் வாவால் மீனைப் பொரித்து, முள் எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராகிவிட்டது. தங்கமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இந்த முறை கறுப்பு ஜோடியும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினார். ஓடினேன்.

"மீனுங்க எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு."

அதையே இன்னொரு தடவை கேட்டார். பெரியப்பா செத்த சேதி சொன்ன அன்று கேட்ட மாதிரியே. பிறகு, "நான் இனிமே அங்க வரல. இங்க வீடு, குடும்பம்னு ஆயிடுச்சு எனக்கு. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல. நீ நல்லவதான், உன் மேல ஒண்ணும் குறை இல்ல," என்றார். அக்காவின் அடுப்படியில் மீன் பொரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் அந்தத் தொட்டியை ஏன் அப்படித் தேய்த்தார் என்பது மட்டும் அப்போது புரிந்தது. சொல்ல முடியாததைத் தேய்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபோது கறுப்பு ஜோடியில் ஒன்று மிதந்தது. மற்றது ஓரமாகச் சாய்ந்து கிடந்தது, நான் கையை விட்டதும் உள்ளங்கையிலேயே வந்து படுத்தது. அங்கேயே அடங்கியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி, தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

அக்கா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். என் கையையும் தொட்டியையும் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார்.

"மீனுக்குப் போயி இப்படி அழுவாங்களா தங்கச்சி? வேற வாங்கிக்கலாம்லா."

"ஆமாக்கா," என்றேன்.