சாக்கில் எழுதிய சத்தம்

இன்று ஈப்போவுக்கு லாரியில் வர முடியாத மன்றத் தோழர்களுக்காக இதைப் பலகையில் ஒட்டுகிறேன். இறுதி ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டோம்! இந்த வருடம் நம் ரப்பர் தோட்டக் காற்பந்துக் குழு ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் மேளம் அடித்தாலோ கத்தினாலோ கோப்பை கிடையாது என்று காற்பந்துச் சங்கச் செயலாளர் முன்பே எச்சரித்திருந்தார். டவுன்காரர்கள் கார் ஹாரனை அலறவிட்டால் மட்டும் அது உற்சாகமாம்.

அதனால் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. சித்திரக்கதைகளில் வருவதுபோல் சத்தங்களை உரச் சாக்குகளில் பெரிதாக எழுதிக்கொண்டு போனோம்.

நம் செல்வம் கோல் அடித்தான். “டமால்!” என்ற சாக்கு எழுந்தது.

டவுன் குழுவின் கோல்கீப்பர் சேற்றில் விழுந்தார். பால்மரம் வெட்டும் முனியம்மா அக்கா “தொபுக்கட்டீர்!” என்ற சாக்கைத் தூக்கினார். திடலே சிரித்தது.

செயலாளர் ஓடி வந்தார். “கீழ போடுங்க! இதுவும் சத்தந்தான்!”

“எங்கண்ணே சத்தம்? நாங்க வாயே தொறக்கல லா!” என்றார் அக்கா.

தமிழ் தெரியாத மலாய்க்கார நடுவர், சாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். செயலாளருக்கு மலாயில் அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில் கையை வீசி, “தொபுக்கட்டீர்!” என்று கத்திக் காட்டினார்.

“ஜாங்கான் பீசிங், எஞ்சே!” சத்தம் போடாதீர்கள் ஐயா என்று அவரையே அடக்கிவிட்டு, ஆட்டத்தைத் தொடர நடுவர் விசில் ஊதினார்.

கோப்பை மன்றத்து மேசையில் இருக்கிறது, வந்து பாருங்கள். அடுத்த வருடம் எழுதவும் கூடாது என்று விதி வரும். அப்போது என்ன செய்யலாம்? கீழே எழுதுங்கள். கெட்ட வார்த்தை வேண்டாம், முனியம்மா அக்காவும் படிப்பார்.