பத்து லிட்டர் தோத்தாத்ரி

எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு மாடியில் பதினோரு வருஷம் குடியிருந்த தோத்தாத்ரி, ஊரார் அடுப்பை எட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவர். தப்பாக நினைக்காதீர்கள். பொருளாதாரத்தில் பி.ஏ. படித்துவிட்டு, நகரத்தில் ஓர் ஆராய்ச்சி மையத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு ஃபாரம் நிரப்புவது அவர் வேலை. கையில் குடை, தோளில் பை, பைக்குள் விறகு நிறுக்க ஒரு வில் தராசு. அவரைக் கண்டால் மாடம்பாக்கத்து நாய்களெல்லாம் எழுந்து வழிவிடும். சரி, நான் பார்த்தது இரண்டு நாய். அதில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்று மூன்றில் மையத்துக்கு ஒரு பெரிய ஆய்வு வந்தது. பூமி சூடாகிறது என்று உலகம் கவலைப்பட ஆரம்பித்திருந்த சமயம். நம் சமையலறைகள் எதை, எவ்வளவு எரிக்கின்றன? மண்ணெண்ணெய்க்குத் தரும் மானியத்தை அரசாங்கம் எடுத்துவிட்டால் ஜனங்கள் கேஸுக்குப் போவார்களா, விறகுக்குத் திரும்பிப் புகையைக் கூட்டுவார்களா? இதுதான் கேள்வி. மாடம்பாக்கத்தில் நூற்றிருபது வீடுகள் தோத்தாத்ரியின் பங்கு. ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம் என்றிருந்தார்கள். ஒன்பது வருஷமாக மனிதர் தற்காலிகம்.

இரண்டு மாதம் வெயிலில் அலைந்து நிரப்பிய ஃபாரங்களை மையத்தின் தலைவர் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் முன் வைத்தார். புரட்டப் புரட்ட அவருடைய புருவம் ஏறிக்கொண்டே போய் வழுக்கையின் உச்சியில் நின்றதாம்.

“என்ன தோத்தாத்ரி இது? நூத்திருபது வீட்ல நூத்திப் பதினாலு வீடு மாசம் பத்து லிட்டர் மண்ணெண்ணெய். மூணு பேர் குடும்பமும் பத்து, பதினோரு பேர் குடும்பமும் பத்து. ஊர் பூரா ஒரே அடுப்புல சமைக்கறதா?”

“அவா சொன்னதைத்தான் சார் எழுதினேன்.”

“அவா சொன்னாளா, நீர் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்ச்ல உட்கார்ந்து எழுதினீரா? சனிக்கிழமை நானே வரேன். பொய்னு தெரிஞ்சுதோ, திங்கட்கிழமை நீர் வர வேண்டாம்.”

அன்று மாலை தோத்தாத்ரியின் மனைவி பட்டு என்னிடம் வந்து கண்ணைக் கசக்கினாள். “ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன் மாமி. ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டுட்டு எழுந்து போறார்.” உப்பு விஷயத்தில் வீட்டை இரண்டாக்குகிற மனிதர் அவர். எனக்கே பயமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை டாக்டர் வந்தார். முதல் நாலு வீட்டிலும் அவரே ஃபாரத்தைப் பார்த்து, “மாதாந்திர மண்ணெண்ணெய் நுகர்வு எவ்வளவு?” என்று வாசித்தார். நாலு வீட்டிலும் “பத்து லிட்டர் சார்.”

தோத்தாத்ரி மூச்சுவிட்டார். அது பாதி மூச்சாகவே நின்றது.

“பலே! நன்னா சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீர்” என்றார் டாக்டர்.

ஐந்தாவது வீடு, கோயில் தெருமுனையில் வீட்டு வாசலிலேயே இட்லிக்கடை போட்டிருந்த செல்லியம்மாளுடையது. வைணவரான தோத்தாத்ரியை முதல் நாளிலிருந்தே ‘ஐயரே’ என்று கூப்பிட்டவள். மூன்று முறை திருத்திவிட்டு அவர் கைவிட்டிருந்தார்.

“வா ஐயரே! இன்னா, மூஞ்சி சாம்பலாட்டம் கீது?”

டாக்டர் அதே கேள்வியை வாசித்தார். அவளும் அதே பதிலைச் சொன்னாள். பத்து. டாக்டர் பேனாவை மூடி, தோத்தாத்ரியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே திங்கட்கிழமை முடிந்துவிட்டது.

அந்த நேரம் இட்லிப் பானைக்குக் கீழே ஸ்டவ் புகைந்து அணைந்தது. செல்லியம்மாள் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்:

“ஏ முனியம்மா! கிருஷ்ணாயில் கீதாடி? ரெண்டு லிட்டர் ஊத்தேன், சாய்ங்காலம் எண்ணெய் வண்டிக்காரன் வந்தா திருப்பிக் குடுத்துடறேன்!”

“நேத்துதானடி அஞ்சு லிட்டர் குடுத்தேன்! குடிக்கிறியா இன்னா?” என்றபடியே முனியம்மா கேனோடு வந்தாள்.

டாக்டர் மூடிய பேனாவைத் திறந்தார். “ஏம்மா, மாசத்துக்கே பத்து லிட்டர்னு இப்பத்தானே சொன்னே?”

“அது மண்ணெண்ணெய் சார்.”

“இது?”

“இது கிருஷ்ணாயிலு.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா!”

“எப்டி சார் ஒண்ணாவும்? மண்ணெண்ணெய்ன்றது ரேஷன் கார்டுல எழுதிக்கீறது. பேப்பரும் பேனாவுமா வந்து மண்ணெண்ணெய் எவ்ளோன்னு கேட்டா, கார்டுல இன்னா கீதோ அதத்தானே சொல்லணும்? மாத்திச் சொன்னா கார்டை அடிச்சிட மாட்டீங்க? நாங்க எரிக்கிறது கிருஷ்ணாயிலு. அத நீங்க கேக்கவே இல்லியே.”

“சரி, கேக்கறேன். கிருஷ்ணாயில் மாசம் எவ்வளவு?”

“கடைக்கும் வூட்டுக்கும் சேத்து நாப்பது ஆவும்.”

டாக்டர் அப்படியே திரும்பி முதல் நாலு வீட்டுக்கும் நடந்தார். ‘கிருஷ்ணாயில்’ என்ற சொல்லை வழியெல்லாம் மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டு போனாராம். இருபத்திரண்டு, பதினெட்டு, முப்பது என்று பதில் வந்தது. நாலாவது வீட்டில், கார்டில் வாங்குவதைச் செல்லியம்மாளுக்கே கொடுத்துவிட்டுச் சவுக்கு விறகில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ரேஷன் விலையை ஏற்றினால் என்ன ஆகும் என்று அவர் போட்டிருந்த கணக்கெல்லாம் கவிழ்ந்தது. ஜனங்கள் எரிப்பதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ரேஷனுக்கு வெளியே, வெளி விலைக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவர் தோத்தாத்ரி பக்கத்தில் நின்று கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“நீர் பொய் எழுதலை. நான்தான் ஃபாரத்தைத் தப்பா அடிச்சுட்டேன். திங்கட்கிழமை வாரும். புது ஃபாரம் தரேன்.”

தோத்தாத்ரி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் செல்லியம்மாள் கடைப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பலகை பிளந்தது என்பது என் சேர்க்கை. உப்புக்கூடத் தெரியாமல் சாப்பிட்ட நாட்களின் பசியெல்லாம் ஒன்றாக வந்தது.

“போடு செல்லியம்மா.”

“எத்தினி ஐயரே?”

“நீயே பார்த்துப் போடு.”

தை மாதம் நிரந்தர உத்தரவு வந்ததும் பட்டு எனக்குக் கேசரி கொண்டுவந்தாள். அன்றைக்கு எத்தனை இட்லி சாப்பிட்டீர் என்று அவரைக் கேட்டேன். ஆறு என்றார். செல்லியம்மாளைக் கேட்டால் பதினாலு என்றாள். யார் கேட்டாலும் நான் முப்பது என்றுதான் சொல்வேன்.