தஸ்தகீரின் கை

தஸ்தகீரை நான் இரண்டு முறை ஏமாற்றினேன். இரண்டு முறையும் ஒரே பொய். முதல் பொய்க்காவது ஒரு சாக்குச் சொல்லலாம். இரண்டாவதற்கு எதுவுமே கிடையாது!

தீர்ப்புச் சொல்ல உனக்கு அவசரமாக இருக்கும். கொஞ்சம் பொறு. முழுவதையும் கேட்டுவிட்டுக் காறித் துப்பு. நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள மாட்டேன்.

எண்பதுகளின் பிற்பாதி அது. திருவண்ணாமலையில் வேங்கிக்கால் தாண்டி ஒரு தொழிற்சாலை. டிராக்டருக்கான இரும்புப் பாகங்கள் செய்தோம், பெரும்பாலும் மட்கார்டு. முதலில் மணல் அறை. அங்கே அழுத்தக் காற்றோடு மணலை வாரி அடித்து இரும்பின் துருவை உரிப்பார்கள். பிறகு மட்கார்டைத் தலைக்கு மேல் ஓடும் சங்கிலியின் கொக்கியில் மாட்டிவிட்டால், அது தொங்கியபடியே பெயிண்ட் அறைக்குள் நகர்ந்து போகும். சங்கிலி யாருக்காகவும் நிற்காது. அது கடந்து போவதற்குள் அடித்து முடித்தாக வேண்டும்.

நான் மேஸ்திரி. தஸ்தகீர் பெயிண்டர். அவன் பெயிண்ட் பீய்ச்சும் கன்னைப் பிடித்தால் ஒரு சொட்டு வழியாது, ஒரு திட்டுத் தெரியாது. ஓரத்துக்கு வந்ததும் மணிக்கட்டை லேசாக ஒரு சுழற்றுச் சுழற்றுவான். அந்தச் சுழற்று வேறு எவனுக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பொறாமை இருந்ததா என்கிறாய்? இருந்தது! அதையும் எழுதிக்கொள்.

அப்போதுதான் அந்த மிஷின் வந்தது. வெளிநாட்டில் யாரோ ஓட்டித் தேய்த்து விற்றது. ரோபோ என்றார் மதராசிலிருந்து வந்த இன்ஜினீயர். பெயர்தான் பெரியது, அதற்குத் தானாக ஒரு மண்ணும் தெரியாது! நல்ல பெயிண்டர் ஒருவன் அதன் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மட்கார்டை அடித்துக் காட்ட வேண்டும். அவன் கை போன வழியை அது அப்படியே பதிந்துகொண்டு, பிறகு காலம் முழுவதும் அதையே செய்யும். பதிவு ஃப்ளாப்பி என்கிற ஒரு கறுப்புத் தட்டில் இருக்கும், தோசை அகலம். காலையில் அதைச் செருகினால்தான் மிஷினுக்கு வேலையே நினைவு வரும்.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பாய் கத்துக் குடுக்கட்டும். அப்புறம் பெயிண்டுல அந்தாளு வேணாம். நீ பக்குவமா பேசி வேலைய முடி."

பேசினேன். தஸ்தகீர் ஒன்றும் முட்டாள் இல்லை. கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டே கேட்டான்.

"மேஸ்திரி, நெஜத்த சொல்லுங்க. இதுக்குக் கத்துக் குடுத்துட்டா என் வேலை போயிடுமா?"

"சேச்சே, இன்னா பாய் நீ! நான் இருக்கேன். போகாது."

நாக்குக் கூசவில்லை எனக்கு... அவன் சிரித்துவிட்டு எழுந்து போய் அந்த இரும்புக் கையைப் பிடித்தான். ஒரே தடவை. ஒரு பிசிறில்லை. இன்ஜினீயர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

வேலை போகவில்லைதான்! அவனை மணல் அறைக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே புழுதி மூட்டத்தில் ஆள் முகம் தெரியாது. பாதுகாப்புக்கு வாயில் கட்டிய ஓர் ஈரத்துண்டு. காற்றுக் குழாய் வைத்த முகமூடி கேட்டால் மேனேஜர் "அடுத்த மாசம்" என்பார். நானும் வெட்கமில்லாமல் அதையே அவனிடம் சொன்னேன். எத்தனை அடுத்த மாதங்கள்! இரண்டே வருடத்தில் பத்தடி நடந்தால் நின்று இருமினான். உடம்பு சரியில்லாதவன் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். அவன் கேட்டைத் தாண்டிய அதே நேரத்தில், பெயிண்ட் அறையில் அந்த இரும்புக் கை ஓரத்துக்கு ஓரம் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அவனுடைய சுழற்று!

பிள்ளைகுட்டிக்காரன், மேலிடம் சொன்னதைச் செய்தேன்... இதுதான் நான் சொன்ன சாக்கு. தூ! நானும் உப்புப் போட்டுத்தானே தின்றேன்?

இனி இரண்டாவது பொய்.

ஆயுத பூஜை வந்தது. சங்கிலி நின்றது, மிஷின்களுக்கு ஓய்வு. ஸ்பானர் முதல் கம்ப்ரெஸர் வரை துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. எனக்குப் பக்தி முற்றிப்போய் அந்தக் கறுப்புத் தட்டையும் எடுத்தேன். பத்திரமாக வைத்திருந்த நகல் தட்டையும் எடுத்தேன். இரண்டையும் வாழையிலையில் வைத்து, குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் தாராளமாகப் பூசினேன். நடுவில் ஒரு வட்ட ஓட்டை. பொட்டுக்கென்றே விட்ட இடம் என்று நினைத்து அங்கே குங்குமத்தை அப்பினேன்.

மறுநாள் காலையில் தட்டைச் செருகினால் மிஷின் ஒரு முறை கரகரத்தது, அவ்வளவுதான். கை எழவேயில்லை. நகலும் அப்படியே. பெயிண்ட் படாத மட்கார்டுகள் வெளிறிப்போய் வரிசையாக வெளியே வந்தன.

"எவன்யா இதுல சந்தனம் பூசினது?" மேனேஜர் கத்தினார். "இன்னிக்குள்ள இது ஓடல, நீ அப்படியே வீட்டுக்குப் போயிடு!"

பதியாத தட்டு ஒன்று மிச்சம் இருந்தது, அதில் பதிய அந்தக் கைதான் இல்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு தஸ்தகீர் வீட்டுக்கு ஓடினேன். அவன் மனைவி நூர்ஜஹான் வாசலை மறித்து நின்றாள்.

"அவருக்கு மூச்சே கம்மி. நாலு வார்த்தை பேசினா இருமல் ஜாஸ்தியாவுது. எங்க கூப்புட வந்துட்டீங்க?"

"ஒரே ஒரு தடவ கத்துக் குடுத்தாப் போதும்மா. திரும்பப் பெயிண்டுலயே போட்டுடுவாங்க. நான் இருக்கேன்."

மேனேஜர் அப்படிச் சொல்லவேயில்லை. நான் கேட்கவும் இல்லை. அப்போது என் வேலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தஸ்தகீர் என்னையே பார்த்தான். "போன தடவையும் நீங்க இருந்தீங்க மேஸ்திரி."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் திரும்பி வந்தேனா? இல்லையே! மலைப் பக்கம் கையைக் காட்டி, "அண்ணாமலையார் மேல சத்தியம் பாய்" என்றேன். அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

பெயிண்ட் அறையில் தின்னர் நெடி பட்டதுமே அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஆறு தடவை முயன்றான். ஆறு தடவையும் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஏழாவது தடவை மேலிருந்து கீழே அழகாக இறங்கினான், பழைய தஸ்தகீர்! கடைசி ஓரத்தில் மட்டும் ஒரே ஓர் இருமல். கை இரண்டு முறை உதறி நின்றது. பிறகு அந்த இடத்தைத் திருப்பி அடித்து மூடினான்.

"இன்னொரு தடவ பார்க்கட்டுமா?" என்று கேட்டான். "வேணாம் பாய், இதுவே போதும்" என்றேன். சங்கிலி ஓட வேண்டுமே எனக்கு!

கேட் வரை கூட நடந்தேன். "எப்ப வந்து சேரட்டும் மேஸ்திரி?"

அவன் நம்பியிருந்தான்... அட பாவி, நீ நம்பித்தான் வந்தாயா!

"சொல்லி அனுப்புறேன் பாய்."

சொல்லி அனுப்பவில்லை. அடுத்த நோன்பு பிறப்பதற்குள் அவன் இறந்துபோனான்.

மிஷின் ஓடியது. ஒவ்வொரு மட்கார்டிலும் கடைசி ஓரத்துக்கு வந்ததும் அந்தக் கை இரண்டு முறை உதறும், நிற்கும், திரும்பி வந்து மூடும். "பாய் இருமுறாரு" என்று முதலில் ஆட்கள் சிரித்தார்கள். அவன் செத்த செய்தி வந்த பிறகு யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. அதுதான் என் வேலை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்று, மனசு ஆறும் என்றாள் என் மனைவி. ஒரே ஒரு முறை போனேன். அடி அண்ணாமலையில் எனக்குப் பின்னால் வந்த யாரோ இருமினார்கள். பாதியிலேயே திரும்பிவிட்டேன். யார் மேல் சத்தியம் செய்தேனோ அவரையே சுற்றி வர எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு நாள் மேனேஜர் பெயிண்ட் அறை வாசலில் நின்று மிஷினைப் பார்த்தார். "அடியில வர்றப்போ இன்னாத்துக்கு உதறுது? சரி பண்ணுய்யா."

"முடியாது சார்" என்றேன். வருந்தித்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறாயா? நினைக்காதே! கற்றுக் கொடுக்க அவன் இல்லை, அதனால் முடியாது. அவன் உயிரோடு இருந்திருந்தால், அந்த நிமிடமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றிருப்பேன். "நான் இருக்கேன் பாய்" என்று மூன்றாம் முறையும் சொல்லியிருப்பேன்.